காரை, சாத்தனூர், கல்லங்குறிச்சி சேர்த்து ஒரு புவிப்பூங்கா: ஊராட்சி எங்கிருந்து தொடங்கலாம்?

மருதையாறு கேட்டது:

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை – கொளக்காநத்தம் செம்மண் ஓடைச் சரிவுகள், சாத்தனூர் கல்மரம், அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி சுண்ணாம்புப் பாறை, டைனோசர் எலும்பு கிடைத்த கல்லமேடு. இவற்றைச் சேர்த்து ஒரு புவிப்பூங்கா கேட்கலாம் என்று சுற்றுவட்டாரத்தில் சில ஊராட்சிகளும் ஒரு மகளிர் குழுக் கூட்டமைப்பும் பேசிவருகின்றன. பாறைகளின் மதிப்பை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் கடல் உள்ளே வந்து நின்ற இடம். 1860-களிலேயே புவியியலாளர் பிளான்ஃபோர்டு வரைபடம் போட்டுவிட்டார், ஸ்டோலிச்கா அம்மோனைட்டுகளை (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரிகளை) எல்லாம் பெயரிட்டு அச்சிட்டுவிட்டார்.

எனக்கு வேண்டியது நடைமுறை.

பட்டா நிலம் எல்லைக்குள் வந்தால் விவசாயிக்கு என்ன ஆகும்? இதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அடுத்தது, சிமெண்ட் ஆலைச் சுரங்கங்கள் நடுவே இருக்கும்போது புவிப்பூங்கா என்று பேச முடியுமா? மூன்றாவது, பணம் எங்கிருந்து? நான்காவது, மழைக்கு மழை வெளியே வரும் புதைபடிவங்களை யார், எப்படிக் காப்பது? காவலாள் ஒருவரைப் போட்டால் போதுமா?

யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்குவோம் என்று சிலர் துடிக்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

---

அளவைக்கல் பதில்:

"பூங்கா" என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதைக் கேட்டதும் சுற்றுச்சுவர், நுழைவுச்சீட்டு, செயற்கை நீரூற்று என்று மனசு போகிறது. யுனெஸ்கோ 2015 நவம்பரில் தன் திட்டமாக ஏற்றுக்கொண்ட புவிப்பூங்கா அப்படியல்ல. ஊர், வயல், சாலை, கோயில், சுரங்கம் எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு முழு வட்டாரம் அது. எல்லைக்கோடு ஒன்றே ஒன்று, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்தப் பெயரால் மட்டும் நிலச்சட்டம் எதுவும் மாறாது. பட்டா பட்டாவாகவே இருக்கும். உள்ளே இருக்கும் குறிப்பிட்ட சில இடங்களுக்கு மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பாதுகாப்பு இருக்க வேண்டும், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள சட்டப்படி பதிவான ஒரு நிர்வாக அமைப்பு இருக்க வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "நிலம் போகப் போகிறது" என்ற பேச்சு உங்களுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவந்துவிடும்.

முதல் வேலை இடப் பட்டியல். 30, 40 இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டின்படி வகைப்பாடு (கல்லாங்குத்தா, ஓடைப் புறம்போக்கா, தரிசா, பட்டாவா), புலப்பட நகல், இரண்டு புகைப்படம், இப்போது என்ன ஆபத்து. அட்சரேகை, தீர்க்கரேகையை 5 தசம இடம் வரை குறியுங்கள். அது ஏறத்தாழ ஒரு மீட்டர். கைபேசியே 3 முதல் 5 மீட்டர் பிசகும் என்பதால், பக்கத்தில் இருக்கும் சர்வே கல்லிலிருந்து நாடா பிடித்து அளந்த தூரத்தையும் எழுதிவையுங்கள். தகராறு வரும் நாளில் அந்த அளவுதான் பேசும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புவிமரபுக்கு என்று தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காரைச் சரிவுகளையும் சாத்தனூர் கல்மரத்தையும் விழுப்புரம் பக்கம் திருவக்கரைக் கல்மரங்களையும் பரங்கிமலைச் சார்னகைட்டுப் பாறையையும் தேசியப் புவியியல் சின்னங்கள் என்று அறிவித்திருக்கிறது. மரியாதை பெரிது, ஆனால் அந்த அறிவிப்பைக் காட்டி ஒரு பொக்லைனை நிறுத்த முடியாது. அதனால் சின்னச் சின்னக் கதவுகளாகத் தேடிப் பூட்ட வேண்டியிருக்கிறது:

– சவுடு, கிராவல் குவாரிகளுக்கு அடிப்படை மாவட்டக் கனிமவள ஆய்வறிக்கை. வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக 21 நாள் வெளியிடுவார்கள். அந்த 21 நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும். உங்கள் சர்வே எண்களைக் குறிப்பிட்டு "இவற்றைச் சேர்க்காதீர்கள்" என்று அந்த நாட்களுக்குள் எழுத்தில் கொடுங்கள்.

– ஏரி வண்டல் எடுக்க அனுமதிக்கும் ஏரிகளின் பட்டியல் மாவட்ட அரசிதழில் வரும். புதைபடிவப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஏரியில் வண்டலோடு பாறையையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். முழு ஏரியையும் தடுக்கக் கேட்டால் விவசாயிகள் எதிர்ப்பார்கள், அது நியாயமும்கூட. பாறை தெரியும் கரைப்பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், எவ்வளவு ஆழம் வரை அள்ளலாம் என்று ஒரு அளவுக்கல் நடச் சொல்லுங்கள்.

– பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது அப்படித்தான். அதற்குப் பிறகும் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது, 2024 நவம்பரில். 2025 ஜனவரியில் ரத்தானதற்குக் காரணம் ஊர் ஊராக நின்ற கிராம சபைத் தீர்மானங்களும் போராட்டமும். காகிதம் மட்டும் காப்பாற்றவில்லை. ஆனால் காகிதம் இருந்ததால் பேசுவதற்கு ஒரு பிடி இருந்தது.

சுரங்கம் பற்றி. உள்ளே சுரங்கம் இருப்பதாலேயே புவிப்பூங்கா கூடாது என்று விதி இல்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். ஜெர்மனியில் மெஸ்ஸல் குழி ஒரு காலத்தில் எண்ணெய்ப் பாறை வெட்டிய சுரங்கம், பிறகு குப்பைமேடாக்கத் திட்டமிட்டார்கள். 1991-ல் ஹெஸ்ஸ மாநிலம் அதை வாங்கியது, 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லங்குறிச்சிப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் பொதிந்து கிடக்கும் கிரிஃபியா (ஒரு சிப்பி வகை) படுகை அழகாகத் தெரிவதே சுரங்கச் சுவர்களில்தான். இறுதிச் சுரங்க மூடல் திட்டத்தைச் சுரங்கம் மூடுவதற்கு 2 வருடம் முன்பே இந்தியச் சுரங்கப் பணியகத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் "இந்தச் சுவரில் 100 மீட்டரை அப்படியே விடுவது" என்று ஒரு வரி ஏறினால் போதும். மேல் படிக்கட்டுச் சுவரைக் கேளுங்கள், அடிச்சுவரைக் கேட்காதீர்கள். மூடிய குழியில் தண்ணீர் நின்றால் அடிச்சுவர் மூழ்கிவிடும். ஓரத்துக்கு வேலி, பார்வையாளர் நிற்க ஒதுக்கிடம், தளர்ந்த கல்லைத் தட்டிவிடும் பொறுப்பு யாருடையது என்பது, எல்லாம் அதே திட்டத்தில் எழுத்தில் வரட்டும்.

பணத்துக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளையைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு உரிமத்தொகை (ராயல்டி) டன்னுக்கு 80 ரூபாய். 2015 ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகையாக இருந்தால் அதில் 30 சதவீதம், ஏலத்தில் போனதாக இருந்தால் 10 சதவீதம் இந்த அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதாவது பழைய குத்தகையில் டன்னுக்கு 24 ரூபாய். ஒரு சுரங்கம் வருடம் 10 லட்சம் டன் எடுத்தால் 2.4 கோடி. இரண்டு சிக்கல். சுரங்கம் பாதித்த ஊர்களுக்கே முன்னுரிமை என்பதால் கல்லங்குறிச்சிப் பக்கம் எளிதாகத் தகுதி பெறும், காரை பெறாமல் போகலாம். பொதுவாக ஒரு மாவட்டப் பணம் அடுத்த மாவட்டத்துக்குப் போகாது. இன்னொன்று, நிதியில் பெரும்பகுதி குடிநீர், கல்வி, சுகாதாரம், திறன் பயிற்சி போன்றவற்றுக்கு ஒதுக்கியது. "அருங்காட்சியகக் கட்டடம்" என்று கேட்பதைவிட "40 பேருக்கு வழிகாட்டிப் பயிற்சி, 12 பள்ளிக்கு மாதிரிப் பெட்டி" என்று கேட்டால் கோப்பு நகரும்.

---

பெலம்னைட்டு பதில்:

நான்காவது கேள்விக்கு மட்டும்.

காரைக் களிமண் ஈரத்தில் ஊதி, காய்ந்தால் பிளக்கும். ஒவ்வொரு மழைக்கும் சரிவு கொஞ்சம் கரைந்து புதுப் படிவம் வெளியே வரும். வந்ததை எடுக்காவிட்டால் இரண்டு மூன்று மழையில் தூள். அதனால் "எதையும் யாரும் தொடாதே" என்ற பலகை இங்கே படிவங்களைக் காக்காது. யாரோ எடுக்கிறார்கள் அல்லது மழை எடுக்கிறது, இரண்டே வழிதான். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் முறையாக எடுத்து, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றுவதுதான் காவல். உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். பாறையில் பதிந்திருப்பதை விட்டுவிட்டு, படம் எடுத்து, கல்லூரிப் புவியியல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

எடுக்கும் முறை:

எடுப்பதற்கு முன் படம். பக்கத்தில் 10 செ.மீ. அளவுகோல், வடக்கு காட்டும் அம்பு. ஒரு படம் கிட்டத்தில், ஒன்று 5 மீட்டர் தள்ளி. இடக்குறியீடு, எந்த அடுக்கு (ஜிப்சம் நரம்புக்கு மேலா கீழா, அருகில் பாஸ்பேட் உருண்டைகள் உண்டா), தேதி, எடுத்தவர். எண்ணைப் பைமேல் மட்டும் எழுதினால் வெயிலில் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று பைக்குள்ளேயும் போக வேண்டும். இடம் தெரியாத அம்மோனைட்டு வெறும் அலங்காரக் கல். இடம் தெரிந்தால்தான் அது சான்று.

எலும்பு கிடைத்தால் வேறு முறை. கல்லமேட்டுப் பாடம் ஒன்று போதும். அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1980-களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய டைனோசர் வரிசையில் வைத்துப் பேசும் விலங்கு. இன்று கையில் ஒரு துண்டு இல்லை, எலும்புகள் சிதைந்து மண்ணாகிவிட்டன. படங்களை வைத்துத்தான் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த மண்ணில் எலும்பு வெளியே கல்போல் தெரியும், உள்ளே ஈரச் சுண்ணாம்புபோல் இருக்கும். முழுக்கத் தோண்டி எடுக்கவே கூடாது. சுற்றிப் பள்ளம் வெட்டி எலும்பை ஒரு மண் மேடைமேல் நிற்க விடுங்கள். மேலே நனைத்த மெல்லிய தாள் இரண்டு மடிப்பு. தாள் இல்லாவிட்டால், அடுத்துப் பூசும் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எலும்பைப் பிடித்துக்கொண்டு வரும், பிறகு பிரிக்க முடியாது. அதன்மேல் பாரிஸ் சாந்தில் முக்கியெடுத்த சணல் சாக்குப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக 3, 4 அடுக்கு. நன்றாக இறுகிய பின்தான் அடியில் குடைந்து புரட்ட வேண்டும். பெரியதாக இருந்தால் மூங்கில் குச்சி இரண்டைப் பட்டைக்குள் வைத்துக் கட்டுங்கள். புரட்டிய பின் அடிப்பக்கத்துக்கும் அதே கவசம். அதுவரை மழை வந்தால் தார்ப்பாய் மட்டும் போதாது, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். தண்ணீர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து ஊறி வருவதுதான் அதிகம்.

ஒட்டும் பசை விஷயத்தில் நடக்கும் தவறு ஒன்று: கடைப் பசையை, அதாவது வெள்ளைத் தச்சுப் பசையை, ஊற்றிவிடுகிறார்கள். காய்ந்தபின் மஞ்சளாகும், ஈரத்தில் ஊதும், திரும்பக் கழற்ற முடியாது. அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது பாரலாய்டு பி-72 என்ற பிசின், அசிட்டோனில் 5 சதவீதக் கரைசலாக. படிவம் ஈரமாக இருக்கும்போது தடவினால் வெள்ளையாகப் பூத்துவிடும். நிழலில் உலர்த்திய பிறகு, மெல்லிய தூரிகையால், இரண்டு மூன்று முறை. அசிட்டோன் தீப்பற்றும், திறந்த வெளியில் செய்யுங்கள். கழுவுவதற்கு எந்த அமிலமும் கூடாது, வினிகர், எலுமிச்சைச் சாறு உட்பட. குண்டு வடிவப் படிவமான பெலம்னைட்டும் சிப்பியும் சுண்ணாம்பு, அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். பளபளப்பாகிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் மேல்தோலைக் கரைத்திருக்கிறார்கள். உலர்ந்த பல்தூரிகை போதும்.

சேமிப்பு: பைரைட்டு (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள படிவம் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் கந்தக அமிலமாகக் கசிந்து பெட்டியையும் சீட்டையும் சேர்த்து அரிக்கும். மூடியுள்ள டப்பா, சிலிக்கா ஜெல், 200 ரூபாய்க்கு வரும் ஈரப்பதமானி. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். இவ்வளவுதான் செலவு.

இன்னொன்று. உருண்டையாக எது கிடைத்தாலும் "டைனோசர் முட்டை" என்று செய்தியாகிவிடுகிறது. 2020-ல் குன்னம் பக்கத்தில் அப்படி ஒரு பரபரப்பு, வல்லுநர்கள் பார்த்துவிட்டு முட்டை இல்லை என்றார்கள். உருண்டைக் கனிமத் திரள்கள் இந்தப் பாறைகளில் இயல்பு. முட்டையானால் மேல் ஓடு 1, 2 மி.மீ. தடிமனில் தனியாகத் தெரியும், அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துளைகள் இருக்கும். செய்தியாளரை அழைக்கும் முன் கைலென்ஸில் அதைப் பாருங்கள். கூட்டம் வந்து மிதித்துவிட்டுப் போன இடத்தை மீட்க முடியாது.

---

வெயில்காலம் பதில்:

மேலே இருவரும் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் கட்டுமானம்தான் இப்படிப்பட்ட இடங்களைக் கெடுக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை.

நிதி வந்தால் முதலில் கான்கிரீட் நடைபாதை போடுவார்கள். ஊதிச் சுருங்கும் களிமண்மேல் பலகைக் கான்கிரீட் ஒரே வருடத்தில் விரிசல் விடும். அதைவிட மோசம், அதன்மேல் விழும் மழைநீர் ஓரத்தில் ஒரே இடத்தில் கொட்டிப் புது ஓடையை அறுக்கும். முகட்டு வழியாக, தளர்வாகப் பதித்த கல் பலகைகள்தான் சரி. தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கட்டும். சரிவில் இறங்கும் இடத்தில் மட்டும் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய படிகள்.

கண்ணாடிக் கூண்டு வேண்டாம். உள்ளே வெயிலில் வேகும், இரவில் வேர்க்கும். சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளும் அடிமரம் 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த நாளில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுத்திருப்பதுதான் அதன் மதிப்பு. மேலே காற்றோட்டமான கூரை, சுற்றி வடிகால், அவ்வளவே.

பலகைகளை ஃப்ளெக்ஸில் போட்டால் ஒரு கோடையில் வெளுத்துவிடும். உலோகத் தகட்டில் எனாமல் சுட்டது, அல்லது கல்வெட்டு. கல்வெட்டு எழுதத் தெரிந்த கைகள் நம் ஊரில் ஏராளம். ஒரு பலகைக்கு 70 சொல்லுக்கு மேல் கூடாது, தமிழ் முதலில். சாய்வாக, இடுப்பு உயரத்தில், சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கும்படி.

நார்க்கண்ணாடி டைனோசர் பொம்மை வைத்தே தீருவேன் என்று யாராவது நின்றால், பேருந்து நிலையத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

---

கெடாவிலிருந்து பதில்:

மலேசியாவிலிருந்து ஒரு ஒப்பீடு. லங்காவி 2007 ஜூனில் உலகப் புவிப்பூங்கா ஆனது, தென்கிழக்காசியாவில் முதலாவது. மச்சின்சாங் மணற்பாறை, கிலிம் சுண்ணாம்புப் பாறையும் சதுப்புக்காடும், டாயாங் பந்திங் பளிங்கு என்று மூன்று பகுதி. நிர்வாகம் லங்காவி மேம்பாட்டு வாரியம், அது 1990-லேயே இருந்தது. அதாவது பூங்கா வருவதற்கு 17 வருடம் முன்பே சம்பளமும் அலுவலகமும் உள்ள ஓர் அமைப்பு. இந்தச் சாதகம் உங்களுக்கு இல்லை என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஊராருக்கு வருமானம் வந்தது கிலிமில்தான் தெளிவாகத் தெரியும். மீன்பிடித்த குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து படகுகளை முறை வைத்து ஓட்டுகின்றன. வெளியிலிருந்து வரும் முகவர் தனித்தனிப் படகோட்டியிடம் விலை அடித்துப் பேச முடியாது, ஒரே கட்டணம், ஒரே வரிசை. உங்கள் வழிகாட்டிகளுக்கும் இதே வரிசை முறை முதல் நாளே வேண்டும். வரிசை இல்லாவிட்டால் சாலையோரம் நின்று வண்டியை மறிப்பவருக்குத்தான் வருமானம்.

தவறும் அங்கேயே நடந்தது. பயணிகள் கருடனைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டார்கள், படகோட்டிகள் கோழித்தோலை வீசத் தொடங்கினார்கள். பறவைகள் வேட்டையை விட்டுப் படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகின. படகுகள் வேகமெடுத்ததில் அலை அடித்து ஆற்றோரச் சதுப்புமரங்களின் வேர் வெளியே வந்து கரை சரிந்தது. பயணி எதற்குக் கைதட்டுகிறாரோ அதைத்தான் வழிகாட்டி மறுநாளும் செய்வார். உங்கள் இடத்தில் அந்தக் கோழித்தோல் என்ன என்று யோசித்தேன்: ஒரு பெலம்னைட்டை எடுத்துக் குழந்தை கையில் "நினைவுக்கு வைத்துக்கொள்" என்று கொடுப்பது. அதை முதல் பயிற்சியிலேயே நிறுத்துங்கள், பதிலுக்குக் கையில் கொடுக்க வேறு ஏதாவது வைத்திருங்கள்.

---

மருதையாறு:

எல்லாருக்கும் நன்றி. கோழித்தோல் உவமை அப்படியே பொருந்துகிறது. சாளக்கிராமம் என்று சொல்லி அம்மோனைட்டை விலைபேச வருபவர்கள் இருக்கும்போது, விற்கக்கூடாது என்று மகளிர் குழுவிடம் சொன்னால் "பின்னே எதை விற்பது?" என்ற கேள்வி வரும். பதில் என்ன? வழிகாட்டிக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?

---

பெலம்னைட்டு:

நகல் விற்கலாம், உண்மைப் படிவம் கூடாது. யுனெஸ்கோ விதி இதில் கறார். நிர்வாக அமைப்பு புதைபடிவமோ கனிமமோ மெருகேற்றிய கல்லோ விற்பதில் நேரடியாகப் பங்கேற்கக் கூடாது, வெளியூரில் வாங்கியதாக இருந்தாலும். கருடமங்கலம் சிப்பிப் பாறையை மெருகிட்டுத் "திருச்சிராப்பள்ளிப் பளிங்கு" என்று விற்ற பழக்கம் இந்த வட்டாரத்தில் உண்டு. நிர்வாகத்தின் கடையில் அதற்கும் இடமில்லை.

நகல் செய்வது: நல்ல மாதிரி ஒன்றைக் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி, பிசின் தடவி உறுதியாக்கி, களிமண்ணில் பாதி புதைத்து, சிலிக்கான் ரப்பர் ஊற்றி அச்சு எடுங்கள். ரப்பரில் கடினமாக்கியைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு எடை போட்டுக் கலக்குங்கள், கண்ணளவு கூடாது. அதிகமானால் படபடவென்று இறுகி அச்சு கிழியும். முதலில் தூரிகையால் ஒரு மெல்லிய பூச்சு, குமிழி உடைந்த பின் மீதியை ஊற்றுங்கள். வார்ப்புக்கு 100 பங்கு பாரிஸ் சாந்துக்கு 65 பங்கு தண்ணீர், எடையில். தண்ணீரில்தான் சாந்தைத் தூவ வேண்டும், சாந்தில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு அச்சில் 30, 40 வார்ப்பு கூர்மையாக வரும், பிறகு வரிகள் மழுங்கும்.

சுடுமண்ணில் செய்தால் வட்டாரக் குயவர்களுக்கும் வேலை. காய்ந்து சுட்டபின் 8 முதல் 10 சதவீதம் சுருங்கும், அதற்கேற்ப அச்சைப் பெரிதாக்குங்கள் அல்லது சிறிய அம்மோனைட்டு என்று விற்றுவிடுங்கள். எதில் செய்தாலும் அடியில் "நகல்" என்ற முத்திரையும் ஊர்ப்பெயரும் ஆழமாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் நகலே நாளை சந்தையில் அசலாக விலைபோகும்.

---

அளவைக்கல்:

கட்டணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 15 பேர் கொண்ட குழுவுக்கு 2 மணி நேரம், 600 ரூபாய். வழிகாட்டிக்கு 400, சரிவைச் சுற்றிவந்து புதைபடிவங்களைப் பதிவு செய்பவருக்கு 100, சங்க நிதிக்கு 100. பதிவு செய்பவருக்குப் பங்கு இருந்தால்தான் படிவம் வீட்டுத் திண்ணைக்குப் போகாமல் பதிவேட்டுக்கு வரும். காலை 6 முதல் 9.30, மாலை 4 முதல் 6. மழை பெய்து 2 நாள் வரை சரிவில் யாரையும் இறக்காதீர்கள், ஒரு கால்தடம் ஒரு சின்ன வாய்க்கால் ஆகிவிடும். அந்த நாட்களில் பெரம்பலூர் அம்மோனைட்டு மையம், வாரணவாசி அருங்காட்சியகம் என்று வழி மாற்றுங்கள்.

கூட்டத்தைப் புதிதாக உருவாக்கவும் வேண்டாம். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு ராமநவமிக்கு வரும் கூட்டம் இருக்கிறது. திருவக்கரையில் வக்கிரகாளியம்மனுக்குப் பௌர்ணமிதோறும் வருபவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே கிடக்கும் கல்மரங்களைப் பார்க்கிறார்கள்? கோயில் வாசலில் ஒரு மேசை, நான்கு நகல், வழிகாட்டி ஒருவர். உணவுக்கு வெளியூர் ஒப்பந்தக்காரர் வேண்டாம். செட்டிகுளம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் ஊரில் மகளிர் குழுச் சமையல் போதும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.

நிர்வாக அமைப்பு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். இரண்டு மாவட்டம் என்பதால் இரு ஆட்சியரையும் இணைத்தலைவர்களாகக் கேளுங்கள், ஆனால் வங்கிக் கையெழுத்தை அவர்களிடம் வைக்காதீர்கள். ஆட்சியர் மாற்றலாகிப் போனால் கணக்கு முடங்கும். ஒரு புவியியலாளர் முழுநேரமாகச் சம்பளத்தில் இருக்க வேண்டும், அங்கீகாரத்துக்கு வருபவர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

யுனெஸ்கோ கேள்விக்கு: இந்தியாவில் இதுவரை ஒன்றுகூட இல்லை. விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஒரு வருடம் நடைமுறையில் புவிப்பூங்காவாகவே இயங்கியிருக்க வேண்டும். விருப்பக் கடிதம் ஜூலை 1-க்குள், யுனெஸ்கோவுக்கான தேசிய ஆணையம் வழியாக. விண்ணப்பக் கோப்பு அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. பிறகு பாறை மதிப்பீடு, அடுத்த கோடையில் இரண்டு மதிப்பீட்டாளர்களின் நேரடி வருகை, யுனெஸ்கோ புவிப்பூங்காக் குழுவின் முடிவு, யுனெஸ்கோ நிர்வாகக் குழு ஒப்புதல். எல்லாம் சரியாகப் போனாலும் கோப்பு கொடுத்த நாளிலிருந்து ஒன்றரை வருடம். கிடைத்தபின் 4 வருடத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு. பச்சை அட்டை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் 2 வருடத்துக்குள் திருத்த வேண்டும், சிவப்பு என்றால் பெயர் போய்விடும்.

---

வெயில்காலம்:

அதனால்தான் சொல்கிறேன், பலகையில் இப்போதே "யுனெஸ்கோ" என்று எழுதாதீர்கள். அங்கீகாரம் கிடைக்கும் முன் அந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதியும் இல்லை.

---

மருதையாறு:

புரிந்தது. அடுத்த கிராம சபையில் வைக்கத் தீர்மான வரைவு எழுதுகிறோம். பொதுவாக "படிவங்களைக் காக்க வேண்டும்" என்று போட்டால் போதுமா?

---

அளவைக்கல்:

போதாது. அப்படி எழுதியதை எந்த அலுவலகமும் எடுத்துச் செயல்படுத்த முடியாது. சர்வே எண்களை அட்டவணையாக இணையுங்கள். மூன்று கோரிக்கை போதும்: இந்த எண்களைக் கனிமவள ஆய்வறிக்கையிலும் வண்டல் பட்டியலிலும் சேர்க்கக் கூடாது, 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் "புதைபடிவ இடம்" என்று பதிய வேண்டும், பட்டாதாரர்களின் உழவு உரிமை எதுவும் பாதிக்காது. மூன்றாவது வரி எதிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும், அதை விட்டுவிடாதீர்கள். பக்கத்து ஊராட்சிகளும் அதே நாளில் அதே வாசகத்தில் நிறைவேற்றட்டும். நகலில் கையெழுத்துப் பக்கமும் வருகைப் பதிவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.